பல்லைப் பிடுங்கும் முன் நரம்பின் வேரைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

முகத்தில் சுரீரென்று வெட்டும் நரம்புவலி பற்றி உங்கள் நலவாழ்வுப் பக்கத்தில் வந்த கட்டுரை, கன்னத்துச் சதைக்குள் ஓடும் நரம்பு வீங்குவதே காரணம் என்றும் வெந்நீர் ஒத்தடத்தில் தணியும் என்றும் சொல்கிறது. மூளையிலிருந்து கிளம்பும் நரம்புகளில், முகத்தை அசைக்கும் ஏழாவது நரம்பையும் முகத்துக்கு உணர்ச்சி தரும் ஐந்தாவது நரம்பையும் குழப்பியும் இருக்கிறது. வலி பல்லில் இருப்பதுபோலவே தோன்றுவதால், இதை நம்பினால் வாசகர்கள் நல்ல பற்களை இழப்பார்கள். அந்தக் கவலையில்தான் எழுதுகிறேன்.

இந்த வலி வரும் ஐந்தாவது நரம்புக்கு, அதாவது டிரைஜெமினல் நரம்புக்கு, மூன்று கிளைகள்: கண்ணுக்கும் நெற்றிக்கும் ஒன்று, கன்னத்துக்கும் மேல்தாடைக்கும் ஒன்று, கீழ்த்தாடைக்கு ஒன்று. மூன்றும் மண்டையோட்டின் அடித்தளத்தில் ஒரு நரம்பு முடிச்சில் சேர்கின்றன. அங்கிருந்து பின்னால் போய், மூளைத்தண்டில் பான்ஸ் எனும் பகுதியின் பக்கவாட்டில் நுழைகிறது உணர்ச்சி வேர். நீளம் ஒரு சென்டிமீட்டர் அளவுதான். மெல்லும் தசைகளை இயக்கும் மெலிந்த வேர் அதன் அருகே தனியே ஓடுகிறது.

கோளாறு பெரும்பாலும் பான்ஸை ஒட்டிய சில மில்லிமீட்டரில் இருக்கிறது. நரம்பு இழைகளைப் போர்த்தும் மயலின் உறையை மூளைக்குள் ஒருவகை உயிரணுக்களும் வெளியே ஷ்வான் உயிரணுக்களும் உருவாக்குகின்றன. வேர் பான்ஸை விட்டு வெளியே வந்த பிறகும் சிறிது தூரம் உட்புற உறையே தொடர்கிறது. அழுத்தத்தைத் தாங்கும் வலு அதற்குக் குறைவு. வயது ஏற ஏற ரத்தக்குழாய்கள் நீண்டு வளையும். அப்படி வளைந்த மேல் சிறுமூளைத் தமனி அந்த இடத்தில் சாய்ந்து, துடிப்புக்குத் துடிப்பு இடித்தால் உறை கரைந்துவிடும். பிறகு தொடு உணர்ச்சியைக் கடத்தும் இழையிலிருந்து வலி இழைக்குச் சமிக்ஞை தாவும், உறை உரிந்த மின்கம்பிகள் ஒன்றோடொன்று பட்டதுபோல. சிலருக்குத் தமனிக்குப் பதில் சிரை அழுத்துவதும் உண்டு.

இதனால்தான் அழுத்தினால்கூட வராத வலி, மெல்ல வருடினால் வருகிறது. நோயாளி மூக்கோரத்தில் ஒரு வெள்ளிக்காசு அளவு இடத்தை மட்டும் சவரம் செய்யாமல் விட்டிருப்பார். கோப்பிக்கடையில் விசிறி முகத்துக்கு நேரே ஓடும் மேசையைத் தவிர்ப்பார். வலி ஒரு நொடிக்கும் குறைவாகவோ, அதிகம் போனால் 2 நிமிடமோ நீடிக்கும். பல்வலியோ மணிக்கணக்கில் விண்விண்ணென்று தெறிக்கும், சூடு, குளிர்ச்சி பட்டால் கூடும், தூக்கத்தையும் கெடுக்கும். நரம்புவலி தூங்குபவரை எழுப்புவது அரிது. வலி கீழ்த்தாடைப் பல்லில் இருப்பதாகவே தோன்றுவதால் பல்லுக்கு வேர் சிகிச்சை செய்கிறார்கள், பிறகு அந்தப் பல்லையே பிடுங்குகிறார்கள், வலி நிற்காமல் அடுத்த பல்லுக்குப் போகிறார்கள். எக்ஸ்ரேயில் பல் சுத்தமாக இருந்தால் பிடுங்கச் சம்மதிக்காதீர்கள்.

தடித்த துண்டுகளாக எடுக்கும் எம்ஆர்ஐயில் இந்த வேர் தப்பிவிடும். ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்த மெல்லிய துண்டுகள் வேண்டும். ரத்தக்குழாய் நரம்பைத் தொடுவது மட்டும் போதிய சான்றாகாது, வலியே இல்லாதவர்களிடமும் அது காணப்படும். வேர் தள்ளப்பட்டிருக்கிறதா, மெலிந்திருக்கிறதா என்றே பார்க்க வேண்டும்.

முதல் மருந்து கார்பமசெபின். பாரசிட்டமால் இதற்கு உதவாது. வழக்கமாக 100 மில்லிகிராம் வீதம் நாளுக்கு இருவேளை தொடங்கி மெதுவாக ஏற்றுவார்கள். கட்டுரை இங்கே விட்டுவிட்ட ஒன்று எனக்கு மிகவும் முக்கியமாகப் படுகிறது. எச்எல்ஏ-பி*15:02 எனும் மரபணு வகை உள்ளவருக்கு இந்த மாத்திரை தோலையும் வாய்ச்சவ்வையும் உரித்து உயிரையே பறிக்கக்கூடும். ஆசிய வம்சாவளியினருக்குப் புதிதாகக் கொடுக்கும் முன் இந்த ரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும் என்பது சிங்கப்பூரில் 2013 முதல் வழிகாட்டு நெறி. வெளியூரில் வாங்கிய மாத்திரையையோ உறவினரின் மிச்ச மாத்திரையையோ தயவுசெய்து விழுங்காதீர்கள். பரிசோதனையில் அந்த வகை இல்லை என்று வந்தாலும், முதல் சில மாதங்களில் காய்ச்சல், வாய்ப்புண், தடிப்பு எது வந்தாலும் அன்றே மருத்துவரிடம் போக வேண்டும். முதியவர்களுக்கு ரத்தத்தில் சோடியம் குறைந்து தலைசுற்றலாம்.

மருந்துக்கு அடங்காவிட்டால், காதுக்குப் பின்னால் சிறு திறப்பு வழியே ரத்தக்குழாயை விலக்கி, இடையே டெஃப்லான் பஞ்சு வைக்கும் அறுவை உண்டு. குழாய் வேரை அழுத்துவதை 1934-லேயே அமெரிக்க நரம்பு அறுவை மருத்துவர் வால்டர் டேண்டி எழுதினார். 1960களில் அதே துறையைச் சேர்ந்த பீட்டர் ஜன்னெட்டா நுண்ணோக்கியோடு இம்முறையை நிலைநாட்டினார். மயக்கமருந்தைத் தாங்காதவர்களுக்கு கத்தியே படாமல் காமா கதிர்களை வேரில் குவிக்கும் ‘காமா கத்தி’க் கதிர்வீச்சு இருக்கிறது. பலன் தெரிய வாரங்கள், சிலருக்கு மாதங்கள் ஆகும். முகம் மரத்துப்போகவும் கூடும்.

நாற்பது வயதுக்குக் குறைந்தவர், இருபக்கமும் வலி உள்ளவர், ஓயாத மரத்துப்போதல், மெல்லுவதில் பலவீனம், அதே பக்கக் காது மந்தம் உள்ளவர், இவர்களுக்கு வேரருகே கட்டியோ, மயலின் உறையை உடலின் எதிர்ப்புச் சக்தியே தாக்கும் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் நோயோ இருக்கலாம். மாத்திரையில் வலி குறைந்துவிட்டதே என்று இவர்கள் எம்ஆர்ஐயைத் தள்ளிப்போடக் கூடாது. பலதுறை மருந்தகத்தில் (பாலிகிளினிக்) முதல் சந்திப்பிலேயே இந்த அறிகுறிகளைச் சொல்லி, நரம்பியல் நிபுணரிடம் பரிந்துரை கேளுங்கள்.

இப்படிக்கு,
நரம்பியல் துறையைச் சேர்ந்த ஒரு வாசகர்,
தெம்பனிஸ்