குசினிக்குச் சொல்லி அனுப்ப வேண்டாம்

அன்பு மகளுக்கு,

போன கிழமை நீ கேட்டதற்கு அப்போதே போனில் பதில் சொல்லியிருக்கலாம். ஆனால் நான் ஒன்று சொல்லத் தொடங்கினால் நீ இடையில் ஒன்பது சொல்லுவாய். அதனால் எழுதுகிறேன். ஆறுதலாக வாசி.

அம்மாவின் அறுபதாவது பிறந்தநாளுக்கு சூரிச் ஏரிக்கரை ரெஸ்ரோரண்டில் மேசை பிடிக்கப் போகிறாய். நல்ல விசயம். அதுவும் நான் வேலை செய்த இடத்துக்கே போகவேண்டும் என்கிறாய். அதுவும் சரி. ஆனால் "முன்கூட்டியே ஒரு மெயில் போடுகிறேன், எங்கள் அப்பா உங்கள் குசினியில் வேலை செய்தவர் என்று எழுதினால் ஏதாவது விசேசமாகச் செய்வார்கள்" என்றாயே, அதை மட்டும் செய்யாதே.

வெட்கம் என்று நினைத்துவிடாதே. 1983க்குப் பிறகு சுவிசுக்கு வந்து சேர்ந்த எங்கள் ஆட்களில் எத்தனையோ பேர் ரெஸ்ரோரண்ட் குசினியில்தான் தொடங்கினோம். பாசை தெரியாதவனுக்கு, அகதி விசாக்காரனுக்கு, அங்கேதான் வேலை கிடைத்தது. கம்பஸில் படித்தவனும் சட்டி கழுவினான், பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவனும் சட்டி கழுவினான். அதைச் சொல்ல எனக்கு ஒரு கூச்சமும் இல்லை.

விசயம் வேறு. இரவு ஏழரை, எட்டு மணிக்கு அந்தக் கதவுக்குப் பின்னால் என்ன நடக்கும் என்று உனக்குத் தெரியாது. ஓடர் சீட்டு மெசினில் இருந்து விடாமல் வந்துகொண்டே இருக்கும். அந்த நேரம் பார்த்து முதலாளி உன் மெயிலை நினைத்துக்கொண்டு சமையல்காரரை வெளியே கூப்பிடுவார். அவர் பல்லைக் காட்டிக்கொண்டு வந்து கை குலுக்குவார், மனம் முழுக்க அடுப்பில் இருக்கும். பிறகு எனக்காக என்று இப்போது சட்டி கழுவுகிற பையனையும் கூட்டி வருவார்கள். எங்கள் காலத்தில் தமிழன், இப்போது எரித்திரியாக்காரனோ ஆப்கான்காரனோ இருப்பான். நனைந்த ஏப்ரனோடு, கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நிற்பான். போட்டோ எடுப்பார்கள். அவன் திரும்பிப் போகிறபோது அங்கே சட்டி குவிந்து கிடக்கும். அதை யார் கழுவுவது? எனக்கும் ஒருதடவை இப்படி நடந்தது. யாரோ முன்பு அங்கே சமைத்தவராம், நல்ல மனிதர், முதுகில் தட்டிக் கொடுத்தார். அன்று நான் வீட்டுக்கு வர நடுச்சாமம் தாண்டிவிட்டது.

இன்னொன்றும் இருக்கிறது. அந்த இடத்து மீனை நான் கதிரையில் இருந்து ஒருநாளும் சாப்பிட்டதில்லை. வேலைக்காரருக்கு ஆட்கள் வருவதற்கு முன்பே சாப்பாடு முடிந்துவிடும், காலை பதினொரு மணிக்கும் பின்னேரம் ஐந்து மணிக்கும். அனேகமாக நூடில்ஸ், முதல்நாள் இறைச்சிக் குழம்பு. ஆனால் எக்லி பொரித்த சட்டியை நான் கழுவியது போல யாரும் கழுவியிருக்கமாட்டார்கள். சின்ன மீன், துண்டு ஒரு விரல் நீளம்தான் வரும். மாவில் லேசாகப் பிரட்டி, பட்டர் நுரைக்கும்போது தோல் பக்கம் கீழே படும்படி வைத்து, ஒரு நிமிசத்தில் பிரட்டி, எலுமிச்சம்புளி விட்டு இறக்கிவிடுவார்கள். கோப்பையைச் சூட்டுப் பெட்டியில் இருந்து துணியால் பிடித்து எடுத்து, விளிம்பைத் துடைத்து அனுப்புவார்கள். பிறகு அந்தச் சட்டி என்னிடம் வரும், அடியில் பொன்னிறமாகப் பட்டர் ஒட்டியிருக்கும். அந்த மீனை இந்தமுறை சூடு ஆறாமல் சாப்பிடப் பார்க்கிறேன். கை குலுக்கிக்கொண்டிருந்தால் ஆறிப்போகும்.

ஒரு உள்வீட்டு இரகசியம் சொல்கிறேன். ஏரியைப் பார்த்துக்கொண்டு சாப்பிடுவதால் மீனும் அந்த ஏரியில் பிடித்தது என்று நினைத்துவிடாதே. சுவிசில் சாப்பிடுகிற எக்லியில் கூடுதலானது வெளிநாட்டில் இருந்து வருவது. இங்கத்தைய மீன்பிடிகாரர் பிடிப்பது இவ்வளவு பேருக்குக் காணாது. மெனுவின் அடியில் சின்ன எழுத்தில் எந்த நாட்டு மீன் என்று போட்டிருப்பார்கள், முதலில் அதை வாசி. சூரிச் ஏரி என்றிருந்தால் எக்லி எடு. இல்லாவிட்டால் ஃபெல்கன் மீன் இருக்கிறதா என்று கேள். அது ஏரியில் பிடித்ததாக இருக்க வாய்ப்புக் கூட, விலையும் குறைவு, என்னைக் கேட்டால் ருசியும் குறைவில்லை.

அம்மாவுக்கு ஒன்று முதலே சொல்லி வை. பைப் தண்ணி கேட்டாலும் பில்லில் காசு போடுவார்கள். சூரிச் நகரத்துக் குடிதண்ணியில் ஏறத்தாழ 70 வீதம் இந்த ஏரியில் இருந்துதான் எடுக்கிறார்கள், அவவுக்கு அது தெரியும், "முன்னுக்கு இருக்கிற தண்ணிக்கு இவ்வளவா" என்று கட்டாயம் கேட்பா. எனக்கு அதில் கோபம் இல்லை. தண்ணி சும்மா கிடைக்கும், கிளாஸ் சும்மா துலங்காது. லிப்ஸ்ரிக் பட்ட வைன் கிளாஸை எந்த மெசினாலும் ஒழுங்காகக் கழுவ முடியாது தெரியுமா? விளிம்பில் ஒரு மங்கலான பிறை நிற்கும். கையால் தேய்த்து, கொதி ஆவியில் காட்டி, நூல் விடாத துணியால் துடைத்து, லைற்றுக்கு நேரே பிடித்துப் பார்க்கவேண்டும். ஒரு சனிக்கிழமை இரவில் எத்தனை கிளாஸ் என்று நீயே யோசி. சரி, அவ மிளகாய்த்தூள் போத்தலைக் கைப்பையில் கொண்டுவந்தால் கண்டும் காணாமல் விட்டுவிடு. அங்கே மேசையில் அரோமாட் என்கிற சுவிஸ் உப்புத்தூள் கூட வைக்கமாட்டார்கள்.

நாள் பற்றி. வெள்ளிக்கிழமை வேண்டாம், அம்மா மச்சம் சாப்பிடமாட்டா. சனிக்கிழமை கலியாணக் கூட்டம் இருக்கும், குசினிக்கு மூச்சு விட நேரம் இராது. வியாழன் நல்லது. ஆறரைக்கே இருந்துவிட்டால் நல்லது, ஜூன் மாதம் ஒன்பது மணி தாண்டியும் வெயில் அந்தக் கரையில் நிற்கும். அதுக்குத்தான் அதைத் தங்கக் கரை என்கிறார்கள், வீட்டு விலையும் அப்படித்தான். எதிர்க்கரையில், எங்கள் ஹோர்கன் பக்கத்தில், மலை சூரியனை வேளைக்கே மறைத்துவிடும். தடிமன் பிடிக்கிற கரை என்று சுவிஸ்காரரே பகிடி பண்ணுவார்கள்.

நீ லொசானில் இருந்து காரில் வந்தால் எங்களை ஏற்றிக்கொண்டு சூரிச் நகரத்துக்குள்ளால் சுற்றிப் போகாதே. ஹோர்கனில் இருந்து எதிர்க்கரை மைலனுக்குக் காரோடு ஃபெரியில் ஏறு. 1933இல் இருந்து ஓடுகிறது, பத்து நிமிசத்தில் கொண்டுபோய் விடும். எனக்கு அந்த ஃபெரிதான் பழக்கம். மத்தியான வேலை இரண்டு மணிக்கு முடியும், திரும்ப ஐந்துக்குப் போகவேண்டும். இடையில் உள்ள நேரத்துக்குச் சம்பளம் இல்லை. சிம்மர்ஷ்டுண்டே என்பார்கள், குசினி வேலைக்காரர் எல்லாரும் திட்டுகிற சாமான். நான் அவ்வளவு திட்டவில்லை, உன்னைக் கிண்டர்கார்டனில் இருந்து கூட்டிவந்தது அந்த நேரத்தில்தான். பட்டர் மணம் போகாத கையைப் பிடித்துக்கொண்டு "அப்பா, இன்றைக்கும் மீனா சாப்பிட்டீங்கள்?" என்று கேட்பாய்.

குசினிக்கு ஏதாவது செய்யவேண்டும் என்று உனக்கு ஆசை என்றால் வழி இருக்கிறது. இங்கே 1974இல் இருந்து சேர்விஸ் காசு விலைக்குள்ளேயே அடக்கம், பில்லை வட்டமாக்கி விட்டாலே போதும். அந்த வட்டத்தில் உள்ளே இருப்பவனுக்குப் பங்கு கிடைக்குமா என்பது கடைக்குக் கடை வேறு. அதனால் இருபது பிராங்கைத் தாளாக எடுத்து, இது கழுவுகிறவருக்கு என்று சொல்லி, பரிமாறுகிற பிள்ளையின் கையில் கொடு. யார் கொடுத்தது, ஏன் என்று சொல்லத் தேவையில்லை.

புக் பண்ணின கையோடு திகதியைச் சொல்லு, அம்மா வேலை செய்கிற முதியோர் இல்லத்தில் லீவு கேட்கவேண்டும், அவர்கள் ஒரு மாதம் முன்னுக்கே பிளான் போட்டுவிடுவார்கள். பில் வந்தால் நீயே கட்டு. மாமா வீட்டில் நடந்தது மாதிரி நான் பிடுங்கிச் சண்டை போடமாட்டேன்.

அன்புடன்
அப்பா