தம்பிக்கு அப்பா எழுதுறது: லைன் மெதுவாவே வரட்டும்

தம்பி,

நீ அனுப்புன வாய்ஸ் மெசேஜ ராத்திரி கரண்ட் வந்தப்புறம் நானும் அம்மாவும் உக்காந்து கேட்டோம். உடம்பு நல்லாருக்குன்னு முதல்லயே சொல்லிட்ட, அம்மாவுக்கு அது போதும், அவ போய் படுத்துட்டா. எனக்குத்தான் அதுக்கப்புறம் நீ பேசுனது மனசுல ஓடிக்கிட்டே இருக்கு. 2030ல ஜப்பான் வடக்க இருக்கிற சப்போரோ வரைக்கும் ஷின்கான்சென், அந்த புல்லட் ரயிலு, ஓடும்னு சொன்னாங்க, இப்ப 2038 நிதியாண்டு கடைசின்னு சொல்றாங்க, அதுவரைக்கும் நான் இந்த நாட்டுலயே இருப்பனான்னு தெரியாது, நான் தோண்டுற வேலை பாத்த ரயில் குகைக்குள்ள வண்டி போறத நான் பாக்கவே போறதில்லன்னு சொன்ன. பரீட்சை எழுதி ஓட்டல் வேலைக்கு மாறிட்டு டோக்கியோ பக்கம் போயிடலாமான்னும் கேட்ட. போன்ல பேசுனா நடுவுல கட் ஆயிடுது, அதான் உக்காந்து டைப் பண்றேன், பொறுமையா படி.

அப்பா சொல்றது இதுதான், அந்த வேலைய விடாத. குளிரு தாங்கல, உடம்பு முடியலன்னா உடனே விட்டுடு, அதுக்கு நான் ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். ஆனா லேட்டாகுதுன்னு விடாத. லேட்டாகுறதுதான் அந்த வேலையோட நல்ல குணம். ஏன் சொல்றேன்னா லேட்டாகாத ஒரு லைன் நம்ம ஊருக்குப் பக்கத்துலயே இருக்கு.

பர்மால நம்ம மோல்மேன்லருந்து தெக்க நாப்பது மைல், தன்பியூசயாத்ன்னு ஒரு ஊர். சின்ன வயசுல உன்ன கூட்டிட்டுப் போயிருக்கேன், அங்க நிறுத்தி வச்சிருக்கிற நீராவி இன்ஜின் மேல ஏறணும்னு அடம் புடிச்ச. அந்த வயசுல உன்கிட்ட எதையும் சொல்லல, இப்ப நீ குகை வேலை பாக்குற ஆளு, சொல்லலாம். சயாம்லருந்து நம்ம பர்மாவுக்கு மலையையும் காட்டையும் வெட்டி 415 கிலோமீட்டர் லைன், 1942ல ஆரம்பிச்சு 1943 அக்டோபர்ல முடிச்சுட்டாங்க. அதே வழிய வெள்ளைக்காரன் முன்னாடியே பாத்துட்டு இது ஆகாத வேலைன்னு விட்டுட்டுப் போனது. ஜப்பான் பட்டாளம் அத ஒரு வருஷத்துக்கு கொஞ்சம் மேல, அவ்வளவுதான், அதுக்குள்ள போட்டுச்சு. எப்படி போட்டுச்சு? ரெண்டு பக்கத்துலருந்தும் ஆளுங்கள இறக்கி, மழையிலயும் காலரா நேரத்துலயும் ராத்திரி விளக்கு வச்சுக்கிட்டும் வேலை வாங்கி. சண்டைல புடிச்ச கைதி சோல்ஜருங்க அறுபதாயிரம் பேர், அதுக்கு மேல நம்ம ஆசியா ஜனம் ஒரு லட்சத்து எண்பதாயிரத்துக்கும் மேல, அதுல மலாயா ரப்பர் தோட்டத்துலருந்து ஏத்திட்டு வந்த தமிழ் சனம் எவ்வளவோ பேர், நம்ம பக்கத்து பர்மாக்காரங்க, மோன்காரங்க எல்லாம். செத்தது சோல்ஜருங்க பன்னெண்டாயிரத்துக்கு மேல, கூலி சனம் தொண்ணூறாயிரம் இருக்கும்னு சொல்றாங்க. சோல்ஜருங்களுக்கு தன்பியூசயாத்ல புல்லு வெட்டி அழகா வச்சிருக்கிற கல்லறை இருக்கு, பேர் போட்ட தகடு இருக்கு. நம்ம சனத்துக்கு அப்படி ஒண்ணு கிடையாது. எங்க தாத்தாவோட அண்ணன் ஒருத்தரையும் அப்படித்தான் கூட்டிட்டுப் போனாங்க, திரும்பல, எந்த மைல்ல விழுந்தாருன்னு வீட்ல யாருக்கும் தெரியாது. அதனாலதான் எங்கப்பா ரயில்வேல தண்டவாளம் பாக்குற கேங்மேனா சேந்தப்ப பாட்டி சோறு திங்காம கெடந்துச்சாம்.

நீ ஜப்பான்ல ரயில் வேலைக்குப் போறேன்னு சொன்னப்ப எனக்கும் அந்த ஞாபகம் வந்துச்சு, அம்மாகிட்ட கூட சொல்லல. ஆனா நீ அங்க போய் ஒவ்வொண்ணா சொல்லச் சொல்ல, இது வேற மாதிரி வேலைன்னு மனசு தேறிடுச்சு. யோத்தேய் மலைக்குக் கீழ தோண்டுற அந்த குகைல மெஷினு பெரிய பாறைல முட்டி நின்னு போச்சு, ரெண்டு வருஷத்துக்கு மேல நிப்பாட்டிட்டு, சின்ன குகை ஒண்ணு தனியா தோண்டிப் போய் அந்த பாறைய உடைச்சாங்கன்னு சொன்னியே, அத கேட்டு எனக்கு எவ்வளவு நிம்மதின்னு உனக்குத் தெரியாது. பாறை முட்டுனா நிக்கிறாங்க. தோண்டுன மண்ணுல இயற்கையாவே ஆர்செனிக் விஷம் இருக்கு, அத எங்க கொட்டுறதுன்னு அந்தந்த ஊர் சனத்தோட பேசி முடிக்கிற வரைக்கும் அந்தப் பக்கம் வேலை இழுக்குது. ஊர்க்காரன் வேணாம்னா கூட்டம் போட்டு விளக்கம் சொல்றாங்க. 2024ல வெளிப்படையா 2030 முடியாதுன்னு சொல்லிட்டாங்க. அவங்க அவமானமா நினைச்சா நினைக்கட்டும், நீ நினைக்காத. 212 கிலோமீட்டர்ல எம்பது பெர்சென்ட் குகைன்னா அது மலையோட பேசி வாங்கற வழி, தேதி சொல்லி வாங்க முடியாது.

அப்புறம் உங்க லைனோட தல மாட்டுல இருக்கே, கடலுக்கு அடில போற செய்கான் குகை, அத பத்தி நானா தேடிப் படிச்சேன். 53.85 கிலோமீட்டர், கடல் தரைக்கும் கீழ நூறு மீட்டர். அத ஏன் தோண்டுனாங்கன்னு படிச்சப்பதான் எனக்கு உடம்பு சிலிர்த்துச்சு. 1954 செப்டம்பர்ல புயல்ல தோயாமாருன்னு ரயில் பெட்டியையும் சனத்தையும் ஏத்திட்டுப் போற படகு கவுந்து ஆயிரத்து நூத்தி அம்பது பேருக்கு மேல செத்துட்டாங்க, அதுக்கு முன்னாடியே யோசனை இருந்தாலும் அதுக்கப்புறம்தான் குகை வேணும்னு உறுதியா இறங்குனாங்க. 1964ல தோண்ட ஆரம்பிச்சு 1988ல வண்டி விட்டாங்க, தண்ணி உள்ள புகுந்து நின்னு நின்னு நடந்த வேலை, முப்பத்தி நாலு பேர் உயிர் போச்சு. அதுல ஷின்கான்சென் போனது 2016 மார்ச்ல. ஆரம்பிச்சவன் எத்தன பேர் அத பாத்திருப்பான் சொல்லு.

படகுன்னா என்னன்னு நமக்குத் தெரியும். நீ பொறந்தப்ப கூட ரங்கூன்லருந்து வர்ற ரயிலு மார்த்தபான்லயே நின்னுரும், மூட்டைய தூக்கிட்டு எல்லாரும் இறங்கி சல்வீன் ஆத்த படகுல தாண்டித்தான் மோல்மேன் வரணும். மழைக் காலத்துல பிரசவத்துக்குப் போற பொம்பளைங்க, ரங்கூன் ஆஸ்பத்திரிக்குப் போற கிழவங்க, எல்லாரும் அந்த தண்ணிய பாத்து சாமிய கும்புட்டுக்கிட்டே ஏறுவாங்க. 2005ல பாலம் திறந்தாங்க, அப்புறம் ரயிலும் அது மேலயே வந்துச்சு. இங்கருந்து ரங்கூன் முந்நூறு கிலோமீட்டர் கூட இருக்காது, இன்னைக்கும் ரயில்ல போனா பகல் பூரா போயிடும், ஆனாலும் படகு இல்லாம ஒரே பெட்டில உக்காந்து போறோம்ங்கறதுக்கே எங்க வயசுக்காரங்க கண்ணு கலங்கிடுச்சு. வேகம் அப்புறம்தான். தூரத்துல கெடக்குற ஊரு, நாட்டோட ஒட்டிக்கிட்டோம்னு நினைக்கிறதுதான் முதல்ல. டோக்கியோலருந்து சப்போரோ ரயில்ல இப்ப எட்டு மணி நேரம் ஆகுது, உங்க லைன் வந்தா அஞ்சு மணி நேரத்துல வந்துரும்னு நீ சொல்றப்ப நான் மணிக்கணக்க நினைக்கல, பனில கெடக்குற அந்த ஊருங்கள நினைச்சேன்.

இதுல எனக்கு ஒரு வருத்தமும் இருக்கு, மறைக்க வேணாம். புது லைன் வந்தா பழைய மலை லைன, ஒஷமாம்பேலருந்து ஒதாரு வரைக்கும் 140 கிலோமீட்டர், எடுத்துடப் போறாங்களாமே. 2022லயே முடிவு பண்ணிட்டாங்கன்னு சொன்ன. அதுக்கு பதிலா பஸ்ஸாம், ஆனா பஸ் ஓட்ட டிரைவர் கிடைக்கலயாம். கேங்மேட்டா இருந்து ரிட்டையரான எனக்கு இது கேக்கவே கஷ்டமா இருக்கு தம்பி. பெரிய ஊருக்கும் பெரிய ஊருக்கும் நடுவுல இருக்கிற சின்ன ஸ்டேஷன்லதான் ரயிலு உண்மையா ஓடுது. நம்ம லைன்ல பாரு, பேர் கூட வெளில தெரியாத ஸ்டேஷன்ல வண்டி நின்னா வெத்தலை கட்டு ஏறும், கீரை ஏறும், பள்ளிக்கூடப் புள்ளைங்க ஏறும், அவிச்ச சோளம் விக்கிற அம்மா தலைல தட்டோட ஏறி அடுத்த ஸ்டேஷன்ல இறங்கிடும். முந்நூறு கிலோமீட்டர் வேகத்துல போற வண்டி எல்லா ஊர்லயும் நிக்க முடியாது, அது எனக்குப் புரியுது. நிக்காத ஊருக்கு என்ன வழின்னு யோசிக்காம லைன புடுங்குறதுதான் தப்பு. அந்த பழைய லைன்ல இருக்கிற குட்சான் ஊர்ல புது வண்டியே நிக்கும், அங்க கவலையில்ல. நடுவுல இருக்கிற மத்த ஊர்ல உன் கூட வேலை பாக்குற உள்ளூர் பெரியவங்க இருந்தா அவங்க என்ன சொல்றாங்கன்னு கேட்டு எனக்கு சொல்லு, நான் தெரிஞ்சுக்க ஆசைப்படறேன்.

இப்ப வேலை விஷயம். ஷின்கான்சென் வேகம் இன்ஜின்ல இருக்குன்னு எல்லாரும் நினைக்கிறாங்க, அது கீழ இருக்கு. 1964 அக்டோபர் 1ம் தேதி டோக்கியோ ஒசாகா 515 கிலோமீட்டர் ஓட விட்டப்பவே மணிக்கு 210 கிலோமீட்டர் ஓடுச்சுன்னா, பழைய 1,067 மில்லிமீட்டர் அகலப் பாதைய விட்டுட்டு 1,435க்கு தனியா புதுசா போட்டதுதான் காரணம், நடுவுல லெவல் கிராசிங்கே கிடையாது, வளைவு பொதுவா ரெண்டரை கிலோமீட்டர் ரேடியஸுக்குக் குறையாது. நம்மது 1,000 மில்லிமீட்டர், ஜல்லி மண்ணோட கலந்து மழைல உக்காந்து போகும், சிலீப்பர் கட்டை ஆடும், நாங்க சுத்தியலும் கடப்பாரையுமா தட்டி தூக்கி வச்சாலும் அடுத்த மழைல பழையபடி. ஜப்பான்ல ஓடி முடிச்ச டீசல் வண்டிங்கள இங்க கொண்டு வந்து சக்கரத்த நம்ம அகலத்துக்கு மாத்தி ஓட்டுறாங்க, அங்க நல்லா ஓடுன வண்டி இங்க ஏன் குதிக்குதுன்னு சனம் கேக்குது. வண்டி மேல குத்தமில்ல. செய்கான் குகைக்குள்ள 52 கிலோமீட்டருக்கு மேல தண்டவாளத்த ஜாயிண்டே இல்லாம ஒட்ட வச்சிருக்காங்க, உள்ள வருஷம் பூரா சூடு ஒரே மாதிரி இருக்கறதால அது முடியுது, சரக்கு வண்டியும் ஷின்கான்சென்னும் ஒரே பாதைல போக மூணு தண்டவாளம் போட்டிருக்காங்க. நான் வாழ்நாள் பூரா ஜாயிண்டுக்கு ஜாயிண்ட் நடந்து, ரெண்டு தண்டவாளத்த சேத்துப் புடிக்கிற ஃபிஷ் பிளேட் நட்டு முடுக்குனவன், ஜாயிண்டே இல்லாத லைன்னா எனக்கு என்னமோ செய்யுது. அத ஒரு தடவை நின்னு பாத்து வீடியோ எடுத்து அனுப்பு, விட்டா.

அதனால உனக்கு சொல்றேன், தோண்டுறத மட்டும் கத்துக்கிட்டு வந்துடாத. ராத்திரி பன்னெண்டுலருந்து காலைல ஆறு வரைக்கும் வண்டிய நிப்பாட்டிட்டு தினம் லைன பாக்குறாங்களே, அந்த பராமரிப்பு வேலைல சேர வழி இருந்தா அதுக்கு மாறு. ஓட்டலுக்கு மாற பரீட்சை எழுதற நேரத்துல இதுக்கு எழுது. ரயில்வே வேலைக்கும் வெளிநாட்டு ஆள எடுக்க 2024லருந்து வழி விட்டிருக்காங்கன்னு படிச்சேன், லைன் பராமரிப்பும் அதுல இருக்கு. 2025 மார்ச் 28ம் தேதிய நான் சாகுற வரைக்கும் மறக்க மாட்டேன், 7.7 பூகம்பம், மாந்தளே பக்கம் அப்படியே உக்காந்து போச்சு, சகாயிங்ல 1934ல கட்டுன பழைய ஆவா பாலம் ஐராவதில விழுந்துச்சு. அந்த பாலத்துல ரயில் போயிருக்கு, சண்டைல உடைச்சு மறுபடி கட்டுன பாலம். அதே மாதிரி ஜப்பான்லயும் 2011 மார்ச் 11ல பூமி ஆடுச்சு, வடக்க ஓடிக்கிட்டு இருந்த ஷின்கான்சென் எல்லாம் முதல் அதிர்ச்சிலயே கரண்ட் கட் ஆகி பிரேக் புடிச்சு நின்னுருச்சு, பயணிகள் ஏறுன வண்டி ஒண்ணு கூட தடம் புரளல. நம்ம நாட்டுக்கு முந்நூறு கிலோமீட்டர் வேகம் எப்ப வரும்னு நான் கேக்கல. பூமி ஆடுனா வண்டிய நிறுத்தத் தெரிஞ்ச ஆளு, பாலத்த தட்டிப் பாத்து இது இன்னும் எத்தன வருஷம் தாங்கும்னு சொல்லத் தெரிஞ்ச ஆளு நம்ம பக்கம் வேணும். அது எல்லா நாட்டுலயும் சோறு போடற வேலையும் கூட.

இப்போதைக்கு இங்க வர நினைக்காத, ஏன்னு நான் எழுத வேண்டியதில்ல. உன் வயசுப் பசங்க இருக்கிற வீட்ல எல்லாம் என்ன நிலைமைன்னு உனக்கே தெரியும். அம்மா உன்ன பாக்கணும்னு அழுவா, ஆனா வான்னு சொல்ல மாட்டா. தங்கச்சி டியூஷன் எடுக்குறா, பர்மா புள்ளைங்களும் தமிழ் புள்ளைங்களும் வருதுங்க. கோயில்ல பால்குடம் இந்த வருஷம் சின்னதா பண்ணாங்க, உன் பேர்ல அர்ச்சனை ஆச்சு.

குகைக்குள்ள போறப்ப ஹெல்மெட் வார கட்டாம தொங்க விட்டுட்டுப் போற பழக்கம் உனக்கு உண்டு, போட்டோல பாத்தேன், இறுக்கிக் கட்டு. வெடி வச்சப்புறம் புகை அடங்காம உள்ள ஓடாத, எவன் அவசரப்படுத்துனாலும் சரி. மேல தட்டிப் பாக்காம கீழ நிக்காத. அங்க யாரும் அப்படி விரட்ட மாட்டாங்கன்னு சொல்ற, நல்லது, விரட்டுனா அன்னைக்கே சொல்லு, அந்த எடத்த விட்டு வந்துடுன்னு நானே சொல்லுவேன்.

கான்ட்ராக்ட் பேப்பர் அடுத்த மாசம் வரும்னு சொன்னல்ல, கையெழுத்து போடறதுக்கு முன்னாடி அத போட்டோ எடுத்து தங்கச்சிக்கு அனுப்பு, அவ படிச்சு சொல்லுவா. பராமரிப்பு பரீட்சைக்கு என்ன புஸ்தகம், எவ்வளவு ஃபீஸ்னும் கேட்டு எழுது. இந்த மாசம் வீட்டுக்கு பணம் அனுப்ப வேணாம், அதுல நல்ல பூட்ஸும் உள்ள போடற கம்பளி பனியனும் வாங்கிக்க, மிச்சம் ஃபீஸுக்கு வச்சுக்க.

இப்படிக்கு,
அப்பா
மோல்மேன்