பின்விளக்கு பல்ப் ஒன்றைப் பையில் வையுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மோட்டார் சைக்கிளில் முன்விளக்கு அணைந்தால் ஓட்டுபவருக்கு அந்த நொடியே தெரிந்துவிடும். பின்விளக்கு அணைந்தால் அவருக்குத் தெரியவே தெரியாது. பின்னால் வரும் லாரி ஓட்டுநருக்குத்தான் தெரியும், அதுவும் மிக அருகில் வந்த பிறகு. உதிரி பல்ப் என்றதும் எல்லோரும் முன்விளக்கையே நினைக்கிறார்கள். பையில் முதலில் ஏற வேண்டியது பின்விளக்கு பல்ப்தான்.

எல்.இ.டி. விளக்கு இல்லாத பெரும்பாலான வண்டிகளில் அது 12 வோல்ட், 21/5 வாட், இரண்டு இழை கொண்ட பல்ப். தொடர்ந்து எரிவது 5 வாட் இழை. பிரேக் பிடிக்கும்போது எரிவது 21 வாட் இழை. விலையும் அதிகமில்லை. இதன் பித்தளை அடியில் இரு பக்கமும் உள்ள முளைகள் ஒரே உயரத்தில் இருக்காது. ஒன்று சற்று மேலே, ஒன்று கீழே. உள்ளே அழுத்தி இடப்பக்கம் திருப்பினால் பழைய பல்ப் வெளியே வரும். புதியது சுலபமாக உட்காரவில்லை என்றால் வெளியே எடுத்து, அரைச் சுற்று திருப்பி வையுங்கள். திணிக்கக் கூடாது. தேய்ந்த ஹோல்டர் தவறான பக்கத்திலும் ஏற்றுக்கொண்டுவிடும். பிறகு விளக்கு எப்போதும் பிரேக் பிடித்ததுபோலப் பளிச்சென்று எரியும்; உண்மையிலேயே பிரேக் பிடிக்கும்போது பின்னால் வருபவருக்கு வித்தியாசம் தெரியாது.

‘பல்ப் போய்விட்டது’ என்று தூக்கி எறியப்படுபவற்றில் பலவற்றுக்கு இழை அறுந்திருக்காது. மழைநீர் இறங்கி, பச்சைக் களிம்பு ஏறிய ஹோல்டரில் எர்த் (மின்சாரம் திரும்பிச் செல்லும் இணைப்பு) வராததுதான் கோளாறு. செல்போன் டார்ச்சைப் பிடித்து இழையைப் பாருங்கள். முழுதாக இருந்தால் ஒரு துண்டு உப்புத்தாளால் ஹோல்டரின் உட்புறத்தையும் பல்பின் அடியையும் தேய்த்து மாட்டுங்கள். விளக்கு மூடியைத் திரும்ப மாட்டும்போது ரப்பர் விளிம்பு சரியாக உட்கார வேண்டும். ஸ்குரூவை மட்டுமீறி இறுக்கினால் பிளாஸ்டிக் விரிசல் விட்டு, அடுத்த மழைக்கு அதே கதைதான். அடிக்கடி பல்ப் போகிறதென்றால் பின்பிரேக் சுவிட்சைக் கவனியுங்கள். அதன் ஸ்பிரிங் அதிகம் இழுக்கப்பட்டிருந்தால், காலை எடுத்த பிறகும் 21 வாட் இழை எரிந்துகொண்டே இருக்கும். சூட்டில் மூடிகூட உருகும்.

அடுத்து முன்விளக்கு. 2017 ஏப்ரல் 1 முதல் விற்பனையாகும் இருசக்கர வாகனங்களில், இன்ஜின் ஓடும்போதெல்லாம் முன்விளக்கு தானாகவே எரிகிறது. பாதுகாப்புக்கு நல்லதே. ஆனால் இரவில் மட்டும் எரிந்த பல்ப் இப்போது பகலிலும் தேய்கிறது, அவ்வளவு சீக்கிரம் போகிறது. 100, 125 சி.சி. வண்டிகள் பலவற்றில் இருப்பது எச்.எஸ்.1 எனும் 35/35 வாட் பல்ப். பெரிய வண்டிகள் பலவற்றில் எச்4 எனும் 60/55 வாட். இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். எனவே கடைக்குப் போகும்போது பழைய பல்பின் அடியில் அச்சிட்டிருப்பதைப் படித்துச் சொல்லுங்கள். வெளிச்சம் கூடும் என்று 35 வாட் இடத்தில் 60 வாட்டைப் போடாதீர்கள். ஒயரும் சுவிட்சும் அந்தச் சுமைக்குச் செய்யப்பட்டவை அல்ல. கப்ளர் (பல்பின் பின்னால் ஒயர்களை இணைக்கும் பிளக்) கருகும், டூமின் (முன்விளக்குக் கூட்டின்) உட்பூச்சு மங்கும், பேட்டரி இறங்கும்.

மாற்றும் முன் சாவியை அணைத்து, 5 நிமிடமாவது ஆறவிடுங்கள். டூமைக் கழற்றி, மூன்று கால் கப்ளரை ஒயரைப் பிடித்து இழுக்காமல், கப்ளரையே பிடித்து நேராக உருவுங்கள். ரப்பர் உறையை உரித்து, கம்பி கிளிப்பை அழுத்தி விலக்கினால் பல்ப் கைக்கு வரும். புதியதன் கண்ணாடியில் விரல் படக் கூடாது. விரலின் எண்ணெய்ப் பசை இருக்கும் இடத்தில் சூடு குவிந்து கண்ணாடி பழுதாகும். பட்டுவிட்டால் சுத்தமான துணியில் ஸ்பிரிட் தொட்டுத் துடையுங்கள். பல்பின் விளிம்பில் நீட்டிக்கொண்டிருக்கும் மூன்று காதுகளும் ஒரே மாதிரி இருக்காது. ஒரே ஒரு நிலையில்தான் சரியாக உட்காரும். டூமை மூடுவதற்கு முன்பே எரியவிட்டு, டிம், பிரைட் இரண்டையும் பாருங்கள். கப்ளர் பழுப்பேறி இளகியிருந்தால் புதுப் பல்பும் மங்கலாகவே எரியும். முதல் வேலையாகக் கப்ளரை மாற்ற வேண்டும்.

முன்விளக்கு அணைந்ததும் பதற வேண்டாம். முதலில் டிம், பிரைட் சுவிட்சைத் தட்டிப் பாருங்கள். பெரும்பாலும் ஓர் இழைதான் அறுந்திருக்கும், மற்றதில் ஊர் போய்ச் சேரலாம். பேருந்தின் பின்னால் ஒட்டிக்கொண்டு அதன் வெளிச்சத்தில் ஓட்டுவது மட்டும் கூடவே கூடாது. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் இருட்டிய பிறகு பல்ப் போனால் எந்தக் கடையைத் தேடுவது? தைப்பூச சமயத்தில் பழனி சாலைகளில் இரவெல்லாம் மக்கள் ஓரமாக நடந்துகொண்டிருக்கிறார்கள். விளக்கில்லாத வண்டி அவர்களுக்கும் ஆபத்து.

உதிரி பல்பை ஸ்பேனர்களோடு போட்டுவைத்தால், தேவைப்படும் நாளில் அதுவும் அறுந்திருக்கும். குளிர்ந்த டங்ஸ்டன் இழை எளிதில் முறியும். வண்டியின் ஆட்டம் போதும். மாத்திரை டப்பாவில் சிறிது ஸ்பாஞ்ச் வைத்துப் பல்புகளைத் தனித்தனியாகச் சுற்றி, சீட்டுக்கு அடியில் வையுங்கள். முன்விளக்கு பல்ப் 1, பின்விளக்கு பல்ப் 2, இண்டிகேட்டருக்கு 10 வாட் பல்ப் 1, உங்கள் வண்டியில் உள்ள அதே ஆம்பியர் ஃபியூஸ் 2, ஒரு ஸ்டார் ஸ்குரூ டிரைவர், உப்புத்தாள்: இவ்வளவுதான். எல்லா விளக்கும் ஒன்றாக அணைந்தால் சந்தேகப்பட வேண்டியது ஃபியூஸை. அங்கே சிகரெட் தாளோ கம்பியோ சுற்றினால், அடுத்து எரிவது ஒயர்கள். வாங்கிய அன்றே வீட்டு வாசலில் ஒருமுறை பல்பை மாட்டிப் பாருங்கள். சரியான ரகமா என்பதும் தெரியும், கையும் பழகும்.

ஒரே மாதத்தில் இரண்டு முறை பல்ப் போனால் குறை பல்பில் இல்லை. இன்ஜினை முறுக்கி, பேட்டரி முனைகளில் வோல்ட் மீட்டர் வைத்துப் பார்த்தால் 14 வோல்ட்டை ஒட்டி இருக்க வேண்டும். 15-ஐத் தாண்டினால், வோல்ட்டைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரை மாற்றுங்கள். முழு எல்.இ.டி. வண்டிக்காரர்களுக்கு மாற்ற பல்பே இல்லை. அவர்கள் சார்ஜ் செய்யக்கூடிய சிவப்பு மின்னும் விளக்கு ஒன்றைக் கைவசம் வைத்து, மட்கார்டில் சிவப்பு ஒளிர் ஸ்டிக்கர் ஒட்டிக்கொள்ளட்டும்.

புது வண்டியுடன் தரும் டூல் கிட்டில் ஸ்பேனர் இருக்கிறது, பல்ப் இருப்பதில்லை. வண்டியை ஒப்படைக்கும்போது ஒரு செட் பல்பும் ஃபியூஸும் சேர்த்துக் கொடுத்து, மாற்றும் முறையை வாடிக்கையாளர் கையாலேயே ஒருமுறை செய்ய வைக்குமாறு விற்பனையாளர்களுக்குப் போக்குவரத்துத் துறை அறிவுறுத்த வேண்டும்.

இப்படிக்கு,
இருசக்கர வாகன மெக்கானிக்குகள் சிலர்,
நாமக்கல்.