பலகைக்கு எண் இருக்கிறது, மழைக்கு ஏன் இல்லை? ஃபார்முலா 1 விதிகளை வகுக்கும் எஃப்.ஐ.ஏ.வுக்கு ஒரு திறந்த மடல்

ஜனவரி 2026

பெறுநர்: எஃப்.ஐ.ஏ. தொழில்நுட்பப் பிரிவு, ரேஸ் கண்ட்ரோல், பாரிஸ்

வணக்கம்.

கடந்த நவம்பரில் லாஸ் வேகாஸ் ஃபார்முலா 1 ரேஸ் முடிந்த சில மணி நேரத்தில் உங்கள் ஸ்டீவர்டுகள், அதாவது ரேஸ் நடுவர்கள், ஒரு தாளை வெளியிட்டார்கள். மெக்லாரன் அணியின் நாரிஸ் ஓட்டிய காருக்கு அடியில் பொருத்திய பலகையின் தடிமன் முன் வலப்புறம் 8.88 மி.மீ., பின் வலப்புறம் 8.93. அதே அணியின் பியாஸ்திரி காரில் முன் இடப்புறம் 8.96, முன் வலப்புறம் 8.74, பின் வலப்புறம் 8.90. புதுப் பலகை 10 மி.மீ. இருக்கும்; தேய்ந்தாலும் 9-க்குக் கீழே போகக் கூடாது. மெக்லாரனின் இரண்டு கார்களும் நீக்கப்பட்டன. இரண்டாம், நான்காம் இடங்களுக்கான 30 புள்ளிகள் போயின. டிசம்பரில் நாரிஸ் பட்டம் வாங்கியது வெறும் 2 புள்ளி வித்தியாசத்தில். அப்படியிருந்தும் அந்த அளவைப் பற்றிப் பெரிய சண்டை எழவில்லை. பேச்சு நேராகக் காரணத்துக்குப் போனது: பயிற்சி நேரம் வெட்டுப்பட்டதால் நீண்ட ஓட்டத்துக்கான தரவு கிடைக்கவில்லை, தகுதிச் சுற்று மழையில் நடந்தது, ரேஸில் கார் எதிர்பாராமல் குதித்து அடியை உரசியது. ரசிகர் சண்டை என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும். எண் கையில் இல்லாத நாளில் எங்கள் கூட்டம் காரணத்தை விட்டுவிட்டு யார் தலையை உருட்டலாம் என்று பார்க்கும்.

அப்படி எண் இல்லாமல் கிடக்கும் இரண்டு இடங்களைப் பற்றித்தான் இந்த மடல். ஒன்று இன்ஜினுக்குள் ஏறும் சூடு. இன்னொன்று மழை.

முதலில் சூடு, ஏனென்றால் மெல்போர்னில் நடக்கும் இந்த ஆண்டின் முதல் ரேஸுக்கு அதிக நாள் இல்லை. 2026 விதிகளில் கம்ப்ரெஷன் ரேஷியோவின், அதாவது சிலிண்டருக்குள் இருப்பதைப் பிஸ்டன் எத்தனை மடங்கு நெருக்குகிறது என்பதன், உச்சவரம்பை 18-லிருந்து 16-ஆக இறக்கினீர்கள். கூடவே C5.4.3 பிரிவில், அந்த அளவைச் சுற்றுப்புற வெப்பநிலையில் எடுப்போம் என்றும், அளக்கும் முறையை ஒவ்வொரு தயாரிப்பாளரும் எழுதிக் கொடுத்து உங்கள் ஒப்புதலைப் பெற வேண்டும் என்றும் எழுதினீர்கள். குளிர்ந்திருக்கும்போது 16 காட்டி, ஓடிச் சூடானதும் 18-ஐத் தொடும் வழியை மெர்சிடிஸும் ரெட் புல்லும் பிடித்துவிட்டன என்று டிசம்பரிலிருந்து ஒரு பேச்சு அடிபடுகிறது. ஃபெராரி, ஆடி, ஹோண்டா மூவரும் உங்களிடம் விளக்கம் கேட்டிருப்பதாகச் செய்தி. வதந்தி வதந்தியாகவே இருக்கட்டும். கணக்கை யாரும் போட்டுப் பார்க்கலாம்.

1.6 லிட்டர் வி6 இன்ஜினில் ஒரு சிலிண்டருக்குச் சுமார் 267 சிசி. பிஸ்டன் உச்சிக்கு வந்து நிற்கும்போது அதன் தலைக்கு மேல் மிஞ்சும் இடம், ரேஷியோ 16 என்றால் 17.8 சிசி, 18 என்றால் 15.7 சிசி. இத்தனை ரகளையும் 2.1 சிசிக்காக, அரை டீஸ்பூன்கூட வராத இடத்துக்காக. சிலிண்டர் விட்டத்தை 80 மி.மீ. என்று விதியே கட்டிப் போட்டிருக்கிறது. ஆகவே பிஸ்டன் வழக்கத்தைவிட 0.4 மி.மீ. மேலே ஏறி நின்றால் கதை முடிந்தது.

‘பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடு சூட்டில் நீளும், அவ்வளவுதான் ரகசியம்’ என்று எங்களில் பலர் சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். 100 மி.மீ. நீளமுள்ள எஃகு ராடு 25 டிகிரியிலிருந்து 130 டிகிரிக்குப் போனால் நீள்வது சுமார் 0.13 மி.மீ. தேவையில் மூன்றில் ஒரு பங்குதான். போதாததற்கு, சிலிண்டர்கள் இருக்கும் பிளாக் அலுமினியம் என்றால் அது எஃகைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். சிலிண்டர் ஹெட் பிஸ்டனைவிட வேகமாக மேலே போய்விடும். அதாவது சாதாரண இன்ஜின் சூடானால் ரேஷியோ கொஞ்சம் இறங்கும், ஏறாது. ஏறுகிறது என்றால் உலோகத் தேர்விலோ எரியறையின் வடிவத்திலோ யாரோ உட்கார்ந்து, இதற்கென்றே வேலை பார்த்திருக்க வேண்டும்.

அந்த வேலைக்குக் கூலி உண்டு. எரிபொருள் வழியாக உள்ளே போகும் ஆற்றலை மணிக்கு 3000 மெகாஜூல் என்று பூட்டிவிட்டீர்கள், அதாவது 833 கிலோவாட். அதில் சுமார் 400 கிலோவாட்டை இன்ஜின் திருப்பித் தரும். உள்ளே போவதைக் கூட்ட முடியாது என்றான பிறகு, திறனில் கிடைக்கும் ஒவ்வொரு சதவீதமும் அப்படியே சக்தி. பாடப்புத்தகத்தில் உள்ள ஓட்டோ சுழற்சிக் கணக்கின்படி 16-லிருந்து 18-க்குப் போனால் திறன் இரண்டேகால் முதல் மூன்று சதவீதம் கூடும். 400 கிலோவாட்டில் அது 9 முதல் 12 கிலோவாட். 14 குதிரைத்திறன் என்று வைத்துக்கொள்ளுங்கள். நிஜத்தில் நாக்கிங், அதாவது எரிபொருள் நேரம் தவறித் தானாக வெடிப்பது, குறுக்கே வரும், பாதிதான் கிடைக்கும் என்றாலும் யாரும் வேண்டாமென்று சொல்லமாட்டார்கள். இன்ஜினோடு சேர்ந்து காரைத் தள்ளும் மின்மோட்டாரின் 350 கிலோவாட் மணிக்கு 290 கி.மீ. வேகத்திலிருந்து ஒவ்வொரு கி.மீ.க்கும் 5 கிலோவாட் வீதம் குறைந்து, 340-ல் 100 கிலோவாட்டாகிவிடும் என்பதும் உங்கள் விதிதான். நேர்ப்பாதையின் கடைசியில், ஓவர்டேக் நடக்கும் அதே இடத்தில், சுமை முழுக்க இன்ஜின் தலையில்.

சட்டம் என்ன சொல்கிறது என்பதில் எங்களுக்குள்ளேயே இரண்டு கட்சி. போட்டி நடக்கும் எல்லா நேரத்திலும் கார் விதிக்கு உட்பட்டிருக்க வேண்டும் என்ற பொது விதியை ஒரு கட்சி தூக்கிப் பிடிக்கிறது. சுற்றுப்புற வெப்பநிலையில் அளப்போம் என்று நீங்களே எழுதிவிட்ட பிறகு சூட்டில் என்ன ஆனால் என்ன என்கிறது மற்றது. இந்த மடலை எழுதுகிறவர்கள் இரண்டாவது கட்சி. விதியில் ஓட்டை விட்டவர் ஒருவர், அதைக் கண்டுபிடித்த பொறியாளர் இன்னொருவர். பின்னவரைத் திட்டுவதில் நியாயமில்லை. ஆனால் ஓட்டையை அடைக்கத்தான் வேண்டும். அடைப்பது வாயால் சொல்வதுபோல எளிதல்ல.

பட்டறைகளில் எரியறையை அளக்கும் வழக்கமான முறை இது: பிஸ்டனை உச்சிக்குக் கொண்டுவந்து நிறுத்தி, ஸ்பார்க் பிளக் துளை வழியாகப் பியூரெட் என்னும் அளவுக்குழாயால் மெல்லிய எண்ணெயை விட்டு, எத்தனை சிசி இறங்கியது என்று பார்ப்பார்கள். குளிரில் இது கச்சிதம். இன்ஜினை 130 டிகிரிக்குச் சூடாக்கிவிட்டு இதையே செய்தால் எண்ணெயும் விரியும். நூறு டிகிரிக்குச் சுமார் 7 சதவீதம், 17.8 சிசியில் அது 1.2 சிசிக்கு மேல். சண்டையே 2.1 சிசியைப் பற்றி, அளக்கும் எண்ணெயின் தவறு அதில் பாதிக்கும் மேல்! எண்ணெய் ஊற்றி முடிப்பதற்குள் பிஸ்டன் ஆறுவது தனிக் கணக்கு. ஆகவே எண்ணெயை விட்டுவிட்டு வாயு அழுத்தத்தால் கன அளவைக் கண்டறியும் முறைக்குப் போங்கள். கூலன்ட், இன்ஜின் ஆயில் இரண்டையும் ஒரே வெப்பநிலையில் இத்தனை நிமிடம் சுற்றவிட்ட பிறகே அளப்போம் என்று நேரத்தைக் குறிப்பிடுங்கள். பிழைவரம்பை எழுதுங்கள். முக்கியமாக, ஐந்து தயாரிப்பாளர்களுக்கும் ஒரே முறை. ஆளுக்கொரு படியை வைத்து அளந்துவிட்டு எல்லாம் ஒரே நெல் என்றால் எந்தக் களத்துமேட்டில் ஒப்புக்கொள்வார்கள்?

இதை ரகசியமாகத் தீர்த்துவிடலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். 2019 கோடைக்குப் பிறகு ஃபெராரி வரிசையாக ஆறு ரேஸ்களில் முதலிடத்திலிருந்து புறப்பட்டது. எரிபொருள் ஓட்டத்தை அளக்கும் சென்சார், ஒரு அளவுக்கும் அடுத்த அளவுக்கும் இடையிலுள்ள நொடித்துளியில் கூடுதல் எரிபொருள் போகிறதோ என்பதே சந்தேகம். 2020 பிப்ரவரி 28 அன்று, பார்சிலோனாச் சோதனை முடியும் கடைசி நிமிடங்களில், ஃபெராரியுடன் உடன்பாடு ஏற்பட்டது, விவரம் ரகசியம் என்று அறிவித்தீர்கள். ஃபெராரி இன்ஜின் பயன்படுத்தாத ஏழு அணிகளும் சேர்ந்து எதிர்ப்புக் கடிதம் எழுதின. இரண்டாவது சென்சார் கட்டாயமானது. அந்த ஆண்டு ஃபெராரி ஆறாம் இடத்தில் முடித்தது. என்ன நடந்தது என்று ஆறு வருடம் கழித்தும் ஆளுக்கொரு கதை சொல்கிறோம். அதில் ஒரு கதைகூட ஃபெராரிக்கு நல்ல பெயர் வாங்கித் தருவதாக இல்லை. ரகசியம் அவர்களைக் காப்பாற்றவில்லை. இதற்கு நேர் எதிராக, 2021 செலவு வரம்பை ரெட் புல் மீறிய விவகாரத்தில் 1.6 சதவீதம், வரிச்சலுகையைச் சரியாகக் கணக்கிட்டிருந்தால் 0.37 சதவீதம் என்று தாளில் போட்டீர்கள். அதுவரை காற்றில் பறந்த தொகைகள் எல்லாம் அன்றோடு தரைக்கு வந்தன.

இனி மழை.

மழை ரேஸ் தள்ளிப்போகும்போதெல்லாம் எங்கள் பக்கம் எழும் கூச்சல் ஒன்றுதான்: ‘ஃபுல் வெட் டயர் எதற்கு இருக்கிறது?’ கனமழைக்கான ஃபுல் வெட் டயர் 300 கி.மீ. வேகத்தில் நொடிக்கு 85 லிட்டர் தண்ணீரை வெளியேற்றும் என்கிறது அதைச் செய்யும் பிரெல்லி. குறைந்த ஈரத்துக்கான இன்டர் டயர் 30 லிட்டர். ஐந்தாறு குடம் தண்ணீர், ஒரு நொடியில், ஒரு டயரிலிருந்து. தரையிலிருந்து கிளம்பும் அந்தத் தண்ணீர்தான் பின்னால் வருகிறவரின் கண்ணை மறைக்கிறது. தண்ணீரில் மிதந்து வழுக்குவது ஒரு பிரச்சினை, கண் தெரியாமல் போவது வேறொரு பிரச்சினை. ஃபுல் வெட் முதலாவதைத் தீர்க்கும், இரண்டாவதைப் பெருக்கும். அந்த டயர் தேவைப்படும் அளவுக்குத் தண்ணீர் நிற்கும்போது ரேஸை நிறுத்தும் ரெட் ஃப்ளாக் விழுந்துவிடுகிறது. கொடி எடுத்த பிறகு இன்டர்தான் வேகம். அதனால் அது பெரும்பாலும் உறை பிரிக்காத பொருளாகவே வீடு திரும்புகிறது.

சக்கரத்தை மூடினால் போதும் என்ற யோசனையை நீங்கள் சோதித்தீர்கள். 2023-ல் சில்வர்ஸ்டோனில், 2024-ல் ஃபியோரானோவில். பலிக்கவில்லை. காரின் அடித்தளமும் அதன் பின்முனையில் காற்றை வெளிவிடும் டிஃப்யூசரும் காற்றை உறிஞ்சும்போது தரைத் தண்ணீரையும் சேர்த்தே உறிஞ்சிப் பின்னால் பீய்ச்சுகின்றன என்று காரணத்தையும் சொன்னீர்கள். தோல்வியை வெளிப்படையாகச் சொன்னதற்கு நன்றி. அதற்குப் பிறகு மட்கார்டு கேட்கும் ஆட்கள் எங்களிடையே பாதியாகக் குறைந்துவிட்டார்கள்.

ஆனால் ரேஸ் நாளில் அந்த வெளிப்படை காணாமல் போகிறது. 2021-ல் பெல்ஜியத்தின் ஸ்பா தடத்தில் மணிக்கணக்கில் காத்திருக்க வைத்து, வேகத்தைக் கட்டுப்படுத்த முன்னால் ஓடும் சேஃப்டி காருக்குப் பின்னால் ஊர்வலம் விட்டு, ஒரே சுற்றுக் கணக்கில் பாதிப் புள்ளி கொடுத்தீர்கள். பச்சைக் கொடியில் குறைந்தது இரண்டு சுற்று ஓடாவிட்டால் புள்ளி இல்லை என்று அடுத்த ஆண்டே திருத்தினீர்கள், சரி. 2025 ஜூலையில் சில்வர்ஸ்டோனில், சேஃப்டி கார் விலகியதும், முன்னால் போகும் கார்கள் கிளப்பும் நீர்த்தூவலில் ஒன்றும் தெரியாமல் டிரைவர் ஹஜார் போய் அன்டோனெல்லியின் காரில் பின்னாலிருந்து மோதினார். மூன்று வாரம் கழித்து ஸ்பாவில் 1 மணி 20 நிமிடம் தாமதம், பிறகும் நான்கு சுற்று சேஃப்டி கார். வெர்ஸ்டாப்பனும் ஹாமில்டனும் அதிக நேரம் காத்திருந்துவிட்டோம் என்றார்கள். அதே தடத்தில் 2019-ல் அந்த்வான் ஊபேரும், 2023-ல் மழையில் டிலானோ வான் ’ட் ஹோஃப்பும் என இரண்டு இளம் டிரைவர்கள் இறந்திருக்கிறார்கள். அந்தத் தடத்தின் ரேடியோன் மேட்டில் ஏறும் டிரைவருக்கு மேட்டின் மறுபக்கம் வெயிலிலேயே தெரியாது. எங்களைக் கேட்டால் 2025-ல் காத்திருந்தது தப்பில்லை. எதற்காகக் காத்திருந்தோம் என்று சொல்லாததுதான் தப்பு. மருத்துவ ஹெலிகாப்டர் பறக்க முடியவில்லையா, தண்ணீர் தேங்கியதா, கண் தெரியவில்லையா? மூன்றுக்கும் காத்திருக்க வேண்டிய நேரம் வேறு வேறு. தேங்கிய தண்ணீரைச் சேஃப்டி காரும் வடிகாலும் குறைக்கும். மேகம் இறங்கியிருந்தால் இரண்டும் ஒன்றும் செய்ய முடியாது.

வெயிலுக்கு ஒரு எண் வைத்தீர்கள். வெப்பக் குறியீடு 31 டிகிரியைத் தாண்டும் என்று முன்னறிவிப்பு வந்தால் ‘ஹீட் ஹஸார்ட்’. 2025 சிங்கப்பூரில் முதல்முறையாக அறிவித்தீர்கள், எல்லோருக்கும் புரிந்தது. மழைக்கும் அதையே கேட்கிறோம். ஒவ்வொரு தடத்திலும் தண்ணீர் எங்கே ஓடும் என்பது டிரைவர்களுக்கு மனப்பாடம். பிரேசிலின் இன்டர்லாகோஸ் தடத்தின் மூன்றாம் வளைவில் 2003-ல் ஓடிய ஆறு ஒரே ரேஸில் ஷூமாக்கர் உட்பட எத்தனை பேரை ஒரே சுவருக்கு அனுப்பியது என்று உங்களுக்கே தெரியும். அப்படித் தடத்துக்கு நான்கைந்து இடங்களில் நீர் ஆழத்தை மில்லிமீட்டரில் அளந்து நேரத்தோடு திரையில் போடுங்கள். ஸ்பாவுக்கு ஓ ரூஜ் பள்ளம், கெம்மல் நேர்ப்பாதை, பிளான்ஷிமோன் இந்த மூன்றாவது வேண்டும். ரெட் ஃப்ளாக் கிடக்கும் நேரத்தில் பத்து நிமிடத்துக்கு ஒரு வரி போதும்: காரணம் எது, அளவு என்ன, அடுத்து எப்போது பார்ப்போம். முடிவு உங்களுடையதாகவே இருக்கட்டும். மில்லிமீட்டர் இறங்கிவிட்டது, உடனே விடு என்று நாங்கள் கத்தினாலும் விடவேண்டியதில்லை.

மார்ச் 8 மெல்போர்ன் ரேஸுக்குள் கம்ப்ரெஷன் ரேஷியோவை அளக்கும் முறை, வெப்பநிலையும் பிழைவரம்பும் சேர்த்து, ஒரு பக்கத் தாளாக வரட்டும். நீர் ஆழத்துக்கு அவகாசம் தருகிறோம்: ஜூலை 19, ஸ்பா. அங்கே எப்படியும் மழை வரும்.

இப்படிக்கு,
அதிகாலையிலும் நடுநிசியிலும் விழித்திருந்து ரேஸ் பார்க்கும் ஃபார்முலா 1 ரசிகர்கள்