ஊட்டிக்கு கேசினோ கேக்கறவங்களுக்கு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நம்ம பேப்பர்ல வாசகர் கடிதம் பகுதியில கொஞ்ச நாள் முன்னாடி ஒருத்தர் எழுதியிருந்தாரு, கோவாவுக்கு போற கூட்டத்த நீலகிரி பக்கம் திருப்பணும்னா இங்கயும் கேசினோ, அதாவது சூதாட்டக் கூடம், வச்ச பெரிய ரிசார்ட் ஒண்ணு வரணும், உள்ளூர் பசங்களுக்கு வேலை கிடைக்கும்னு. அந்த மாதிரி ஒரு எடத்துல தங்கிட்டு இப்பதான் ஊருக்கு வந்து சேந்திருக்கேன், அதனால எனக்கும் சொல்ல கொஞ்சம் இருக்கு. நீளமா போச்சுன்னா வெட்டிக்குங்க சார்.

நான் பந்தலூர்க்காரன், ஊட்டியில ஒரு காட்டேஜ்ல மேனேஜரா இருக்கேன். எங்க குடும்பம் 1964 சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தத்துல சிலோன்ல இருந்து வந்தது. அப்பா தலைமன்னார்ல கப்பல் ஏறி ராமேஸ்வரம் வந்து, மண்டபம் கேம்ப்ல இருந்து, அப்புறம் இங்க தமிழ்நாடு அரசோட டேன்டீ தேயிலைத் தோட்டத்துல வேலைக்கு சேந்தாரு. அத்தை குடும்பம் ஹட்டன்லயே நின்னுடுச்சு. அத்தை பேத்தி கல்யாணத்துக்கு திருச்சியில பிளேன் ஏறினேன், ஒரு மணி நேரம்தான், பந்தலூர்ல இருந்து ஊட்டிக்கு பஸ்ல போறதுக்கு இதவிட கூட நேரம் ஆகும். கல்யாணம் முடிஞ்சதும் துபாய்ல இருந்து வந்திருந்த அத்தை மகன், "மச்சான், நீ ஹோட்டல் லைன்ல இருக்கிறவன், இத பாக்காம போனா எப்படி"ன்னு கொழும்புல புதுசா வந்திருக்கிற சிட்டி ஆஃப் ட்ரீம்ஸ்ல ரூம் போட்டுட்டான். பில் அவன்தான் கட்டினான், நான் கட்டற அளவு இல்ல.

கட்டடத்த பத்தி சொல்லியே ஆகணும். கொம்பனித்தெருவுல, காலிமுகத்திடல் பக்கத்துல. இலங்கையில பொறந்த செசில் பால்மண்ட் டிசைன் பண்ணது. 2014ல வேலைய ஆரம்பிச்சு, நடுவுல குண்டுவெடிப்பு, கொரோனா, நாடே திவாலானதுன்னு எல்லாத்தையும் தாண்டி 2024 அக்டோபர்லதான் ஹோட்டல திறந்தாங்க, 2025 ஆகஸ்ட்ல கேசினோவ. இலங்கை கம்பெனி ஜான் கீல்ஸும் வெளிநாட்டு கேசினோ கம்பெனி மெல்கோவும் சேந்து நடத்தறாங்க, மொத்த செலவு 100 கோடி டாலருக்கு மேல. ரூம் மட்டும் 800 பக்கம். என் பழக்கதோஷம், எந்த ஹோட்டலுக்கு போனாலும் பெட்ஷீட் மூலைய எப்படி மடிச்சிருக்கான், ஷவர்ல எவ்வளவு நேரத்துல சுடுதண்ணி வருதுன்னுதான் மொதல்ல பாப்பேன். ரெண்டுலயும் குறை சொல்ல முடியல. ஜன்னல்ல தாமரை கோபுரம் தெரியுது, அந்தப் பக்கம் கடல். காலைல டிபன்ல ஆப்பமும் கட்டசம்பலும் வச்சிருந்தாங்க, அதுக்கே இன்னொரு தடவை போகலாம்.

ராத்திரி மச்சான் கேசினோவுக்கு கூட்டிட்டு போனான். பாஸ்போர்ட்ட காட்டி உள்ள போனோம். நான் ஆடல, பின்னாடி நின்னு வேடிக்கை பாத்தேன். எனக்கு பிடிச்சது டேபிள்ல ஆட்டத்த நடத்தற டீலர் பொண்ணுங்க கைதான். டேபிள மாத்தி எந்திரிக்கும்போது ரெண்டு கையையும் தட்டி, உள்ளங்கைய மேல கூரையில இருக்கிற கேமராவுக்கு விரிச்சு காட்டிட்டு, புறங்கையையும் திருப்பி காட்டிட்டுதான் போறாங்க, காசுக்கு பதிலா வச்சு ஆடற சிப்பு ஒண்ணு கூட கையில ஒட்டலன்னு. ரூலெட், அதாவது நம்பர் போட்ட சக்கரத்துல உருண்டைய ஓட விடற ஆட்டம், அது பக்கத்துல ஒரு ஸ்க்ரீன், முன்னாடி விழுந்த நம்பர் எல்லாம் வரிசையா ஓடுது. ஆடறவங்க அத பாத்து பாத்து, சிவப்பு நெறைய வந்துடுச்சு அடுத்தது கருப்புதான்னு சத்தியம் பண்ணாத குறையா பேசறாங்க. அந்த உருண்டைக்கு முன்னாடி எங்க விழுந்தோம்னு ஞாபகமா இருக்கப்போகுது?

யாரும் ஏமாத்தறாங்கன்னு சொல்ல வரல. ஏமாத்த வேண்டிய அவசியமே கேசினோ தொழில்ல கிடையாது. ஒரு ஜீரோ இருக்கிற வீல எடுத்துக்குங்க, ஜீரோவையும் சேத்து 37 நம்பர். எல்லா நம்பர்லயும் 100 ரூபாய் வச்சா 3,700 ஆச்சு, எது விழுந்தாலும் 35 மடங்கும் வச்ச நூறும் சேத்து கையில வர்றது 3,600. நூத்துக்கு 2 ரூபாய் 70 காசு, அவ்வளவுதான் எடுத்துக்கறாங்க. ரெண்டு ஜீரோ வச்ச வீல்னா 5 ரூபாய்க்கு மேல. கேக்க கம்மியா இருக்கும், ஆனா அதே காச திருப்பி திருப்பி வைக்கறோம்ல, ஒவ்வொரு தடவையும் கழியுது. மச்சான் மொதல்ல கொஞ்சம் ஜெயிச்சான், அப்புறம் அது போச்சு, அதோட எந்திரிச்சுட்டான், நல்ல பையன்.

மறுநாள் ரூம் கிளீன் பண்ண வந்த பொண்ணு ஹட்டன் பக்கம், தமிழ். நான் பந்தலூர்னதும் "அங்கயும் நம்ம ஆளுங்க இருக்காங்களாமே"ன்னு கேட்டுச்சு. கேசினோ பாத்தியாம்மான்னேன். "எங்களுக்கு ஏலாது அண்ணா, எங்க நாட்டு ஆளுங்க உள்ள போகவே டாலர் கணக்குல கட்டணும்"னு சிரிச்சுச்சு. அங்க தேயிலைத் தோட்டத்துல 2024ல அறிவிச்ச நாள் சம்பளமே 1,350 ரூபாய்தான், அதுவும் இலங்கை ரூபாய். இதுல டாலருக்கு எங்க போக?

அந்தப் பொண்ணு சொன்னதுக்கப்புறம்தான் எனக்கு இது ஓட ஆரம்பிச்சுது. சிங்கப்பூர்லயும் இதேதான், வெளிநாட்டுக்காரனுக்கு வாசல் திறந்திருக்கும், அந்த ஊர்க்காரன் 24 மணி நேரத்துக்கு 150 சிங்கப்பூர் டாலர் கட்டணும், குடும்பத்துல இருக்கிறவங்க எழுதிக் குடுத்தா அவர உள்ளயே விடாம தடுக்க சட்டம் இருக்கு. நேபாளத்துல சொந்த நாட்டுக்காரன் கேசினோவுக்குள்ள கால் வைக்கவே கூடாது. சிக்கிமும் மலைதானே, அங்க இருக்கேன்னு கேப்பீங்க, அங்கயும் உள்ளூர் ஆளுங்களுக்கு தடை. கேசினோ வச்சு சம்பாதிக்கிற இந்த ஊருங்களே மொதல்ல தன் ஜனத்துக்கு குறுக்கால வேலி போடுது, அப்ப உள்ள என்ன இருக்குன்னு அவங்களுக்கே நல்லா தெரியும்.

நம்ம மலைல அந்த வேலிய எங்க போடுவீங்க? 2003ல தமிழ்நாட்டுல லாட்டரிய நிறுத்தினாங்களே, அதுக்கு முன்னாடி பந்தலூர் பஸ் ஸ்டாண்டுல சம்பள நாள் எப்படி இருக்கும்னு ஞாபகம் இருக்கிறவங்க இப்பவும் இருக்காங்க. தோட்டத்துல இருந்து இறங்கி வர்ற ஆளு வீட்டுக்கு அரிசி வாங்கறதுக்கு முன்னாடி சுரண்டல் லாட்டரி கடையிலதான் நிப்பாரு. எங்க லயன்ல (தோட்டத்து வரிசை வீடு) அடுத்த வீட்டு பெரியம்மா சம்பள நாள் அன்னைக்கு புருஷன தோட்டத்துல பேர் எடுக்கிற மஸ்டர்லயே போய் மறிச்சு நிக்கும், கைக்கு வந்த காச அங்கயே வாங்கிக்க. நிறுத்தினதுக்கப்புறமும் எங்க ஊருக்கு பக்கத்துலயே கேரளாவோட வயநாடு, அந்தப் பக்கம் அரசாங்கமே லாட்டரி விக்குது, ஓணம் பம்பர் 25 கோடின்னா எங்க ஜீப் ஸ்டாண்டே பங்கு போட்டு வாங்கும். காசு வச்சு ஆடற ஆன்லைன் கேம 2025 ஆகஸ்ட்ல மத்திய அரசே தடை பண்ணிடுச்சு, இந்த நேரத்துல நிஜ டேபிள மலை மேல ஏத்தணுமாம். கடிதம் எழுதினவரு சொன்ன அந்த வேலைவாய்ப்பு பசங்கதான் சம்பளம் வாங்கின கையோட அந்த வாசல்ல நிப்பாங்க. பணக்கார டூரிஸ்ட் வருஷத்துக்கு ஒரு தடவை வருவான், இவங்க தினமும் அங்கயே இருப்பாங்க.

கட்டடம் கட்டவே முடியாதுன்றது வேற விஷயம். இங்க ஏழு மீட்டருக்கு மேல எழுப்பக்கூடாதுன்னு விதி இருக்கு, சீகூர் யானை வழித்தடத்துல கட்டின ரிசார்ட்டுங்க சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போயும் தோத்துப் போனது எல்லாருக்கும் தெரியும். கூட்டம் பத்தலன்னு யாருக்கு குறை? 2025 சீசனுக்கு ஒரு நாளைக்கு 6,000 வண்டி, சனி ஞாயிறு 8,000 வண்டின்னு ஹைகோர்ட்டே அளவு வச்சு இ-பாஸ் குடுக்க சொல்லிச்சு. வண்டி நிக்க எடமில்லாம, கல்லட்டி ரோட்டுல பிரேக் பிடிக்காம, இருக்கிற டூரிஸ்ட்டையே நம்மால பாத்துக்க முடியல. வயநாட்டுல மேப்பாடி பக்கம் 2024 ஜூலைல மண்ணு சரிஞ்சப்ப எங்க வீட்டுல யாரும் தூங்கல, இதுக்கு மேல நான் சொல்ல வேண்டாம்.

அங்க இருந்து காப்பி அடிக்கணும்னா ஒண்ணு இருக்கு. ரூம்ல வச்சிருந்த டீ பெட்டியில எந்த வட்டாரம், எவ்வளவு உயரத்துல வெளைஞ்சதுன்னு எழுதியிருந்தது, டிம்புள்ள, நுவரெலியான்னு தனித்தனியா. எங்க காட்டேஜ்ல ரூம் ரூமுக்கு வைக்கறது எங்கயோ பேக் பண்ண டிப் டீ, சுத்தி தேயிலைத் தோட்டம். இண்ட்கோன்ற கூட்டுறவு தேயிலை சொசைட்டில சிறு விவசாயிங்க தூள் மூட்டை மூட்டையா கெடக்கு, பச்சை இலைக்கு வெல இல்லன்னு வருஷா வருஷம் போராட்டம் நடக்குது. லைசென்ஸ் குடுக்கிற ஒவ்வொரு ஹோட்டலும் காட்டேஜும் நீலகிரி டீதான் வைக்கணும்னு கலெக்டர் ஒரு உத்தரவு போட முடியுமான்னு உங்க நிருபர் கேட்டு எழுதினா நல்லா இருக்கும். எங்க ஓனர்கிட்ட நான் பேசிட்டேன், அடுத்த ஆர்டர்ல மாத்தறதா சொல்லியிருக்காரு.

இப்படிக்கு,
ஒரு வாசகர் (பேரு போட வேண்டாம் சார், ஓனரும் உங்க பேப்பர்தான் படிக்கிறாரு),
பந்தலூர், நீலகிரி