வைனை நீக்கினால் மட்டும் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்த பிறகு, பழைய கணினியில் லினக்ஸ் வகை இயங்குதளமான உபுண்டுவைப் போட்டுக்கொண்டவர்களில் நானும் ஒருவன். பழக்கமான கணக்கு மென்பொருளை விட மனமில்லாமல், விண்டோஸ் நிரல்களை லினக்ஸில் ஓட்டும் வைன் மென்பொருளையும் சேர்த்தே நிறுவினேன். ஆறு மாதத்தில், லினக்ஸிலேயே ஓடும் இலவச அலுவலக மென்பொருளான லிப்ரே ஆபிஸே போதும் என்றாகிவிட்டதால் வைனை நீக்கினேன். ஆனால் மெனுவில் அந்த நிரல்களின் பெயர்கள் அப்படியே நின்றன, சில கோப்புகளை இரண்டு முறை தட்டினால் எதுவுமே திறக்கவில்லை, வட்டிலும் இடம் கூடவில்லை.

காரணம் எளிது. உபுண்டுவில் மென்பொருள்களை நிறுவி நீக்கும் கருவியான ஆப்ட், கணினிக்குப் பொதுவான பகுதியை மட்டுமே நீக்கும், நம் சொந்தக் கோப்புகள் இருக்கும் ஹோம் கோப்புறையைத் தொடாது, அது சரியான நடைமுறையும்கூட. ஹோம் கோப்புறையைத் திறந்து கண்ட்ரோல், எச் விசைகளைச் சேர்த்து அழுத்தினால், மறைந்திருக்கும், புள்ளியில் தொடங்கும் வைன் கோப்புறை (.wine) தெரியும். அதற்குள் சி டிரைவ் என்று ஒன்று, என் பழைய கணக்குகள் முழுக்க அங்கேதான் இருந்தன! முதலில் அவற்றை வேறிடத்தில் நகலெடுங்கள், அப்புறம் அந்த வைன் கோப்புறையை அழித்துவிடுங்கள். மெனுப் பெயர்கள் இருப்பது வேறு இடம்: அதே ஹோம் கோப்புறையில் டாட் லோக்கல் (.local), ஷேர், அப்ளிகேஷன்ஸ் என்று உள்ளே போனால் வைன் பெயரில் கிடக்கும், அதையும் எடுத்துவிட வேண்டும்.

நிறுவுவது எப்படி என்று பக்கம் பக்கமாக எழுதும் தமிழ் நாளிதழ்கள், நீக்குவது எப்படி என்றும் எழுத வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன். புதிதாக லினக்ஸுக்கு வருபவர்கள் தடுமாறுவது இங்கேதான்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், தஞ்சாவூர்