பட்டினி கிடப்பது யார்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற வாரம் உங்கள் நாளிதழில் சமயபுரம் மாரியம்மன் கோயில் பூச்சொரிதல் செய்தி வந்திருந்தது. 'பக்தர்கள் 28 நாள் பச்சைப் பட்டினி விரதத்தைத் தொடங்கினர்' என்று அதில் ஒரு வரி. தொடங்கியது பக்தர்கள் இல்லை ஐயா, அம்மன். மாசி கடைசி ஞாயிறு தொடங்கி பங்குனி கடைசி ஞாயிறு வரை ஆத்தாளே நமக்காகப் பட்டினி கிடக்கிறாள். தளிகை, அதாவது சமைத்த படையல், கிடையாது. அரிசி மாவில் வெல்லம் சேர்த்த துள்ளு மாவு, நீர்மோர், பானகம், இளநீர், கரும்புச்சாறு, அவ்வளவுதான். உங்களுக்குத் தெரியாததா? மஞ்சள் துணி கட்டி நாங்களும் விரதம் இருக்கிறோம், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் பிள்ளைகளுக்காகத் தாய் பட்டினி கிடக்கிறாள் என்பதுதானே அந்தக் கோயிலின் விசேஷம்! அதே பக்கத்தில் அரைப் பக்கத்துக்கு ஒரு ஜவுளிக்கடையின் வாழ்த்து விளம்பரம். அதில் மட்டும் ஒரு பிழையும் இல்லை. காசு வாங்கியது அல்லவா.

என் அம்மா எழுத்துக்கூட்டிப் படிப்பவர். மாவு இடித்துக்கொண்டிருந்தவர் வெல்லம் ஒட்டிய விரலை அந்த வரியில் வைத்து, "ஏண்டா, அப்ப ஆத்தா சாப்பிட்டுட்டாளாமா?" என்று கேட்டார். உங்கள் சார்பில் என்ன பதில் சொல்ல?

இது முதல் தடவையும் இல்லை. தைப்பூசத்தன்று கொள்ளிடக் கரையில் ஸ்ரீரங்கத்து அண்ணன் ரங்கநாதரிடமிருந்து அம்மனுக்குச் சீர் வந்த படத்தின் கீழே 'தீர்த்தவாரி' என்று மட்டும் போட்டீர்கள். அண்ணன் தங்கைக்குக் கொடுத்த பட்டுப்புடவை செய்தியில்லை போலிருக்கிறது. அப்போதும் ஒரு கார்டு எழுதினேன். கிணற்றில் போட்ட கல்.

போன சித்திரைத் தேருக்கு இன்னொன்று: 'பாதயாத்திரைக் கூட்டத்தால் பொதுமக்கள் அவதி'. நாங்கள் யார், பொதுமக்கள் இல்லையா? பெரம்பலூரிலிருந்து 11 வருஷமாக நடக்கிறேன். சிறுவாச்சூர் தாண்டி, பாடாலூர் வரும்போது நள்ளிரவு ஆகிவிடும். பின்னால் லாரி வருவது அதன் காற்று வேட்டியை இழுக்கும்போதுதான் தெரியும். போன வருஷம் எங்களோடு வந்த ஒரு பெண், தூங்கும் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, வரிசையாக நாலு லாரி போகிற வரை ஓரப் பள்ளத்தில் இறங்கி நின்றார். செருப்பில்லாத கால், பள்ளம் முழுக்க முள். அவதி யாருக்கு என்று உங்கள் நிருபர் ஒரு ராத்திரி எங்களோடு நடந்து பார்க்கட்டும். மோர் நாங்கள் தருகிறோம்.

சரி, நான் கேட்பது அதிகமில்லை. ஒரு வரித் திருத்தம் போடுங்கள், அம்மாவுக்குக் காட்ட வேண்டும். அப்புறம், தேருக்காகக் கனரக வண்டிகளை எந்த வழியாகத் திருப்பி விடுகிறார்கள் என்ற செய்தியைத் தேர் முடிந்து புதன்கிழமை போடாமல், முந்தின ஞாயிறே போட்டுவிடுங்கள். நாங்கள் திங்கட்கிழமை சாயங்காலம் கிளம்பிவிடுவோம்.

இப்படிக்கு,
பழைய வாசகன்,
பெரம்பலூர்.